நூற்றைம்பதிலிருந்து முந்நூறு வரை

கல்முனையில், அஸ்மீரின் கடையில்
டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்து
முன்பக்கத்தால் பார்த்தேன்.
பூஞ்சணம் இல்லை. விளிம்பில் ஒரு தூசி.
அது படத்தில் விழாது என்றான்.
விழாதென்று எனக்கும் தெரியும்,
ஆனாலும் இரண்டாயிரம் குறைத்தேன்.

நீளாத முந்நூறு ஒன்றும் வைத்திருந்தான்:
வெளிச்சம் கூட, எடை குறைவு,
கொக்கின் இறகை எண்ணலாமாம்.
ஆனால் பாலத்தில் நிற்பவளுக்கு
முன்னால் போனால் வாவி,
பின்னால் போனால் லொறி.
கால் போகாத இடத்துக்குக் கை போகட்டுமென்று
நீண்டு சுருங்கும் இதையே எடுத்தேன்.
ஸ்கூட்டி விற்ற காசு.
பஸ்ஸில் திரும்பினேன், மடியில் ஒன்றேகால் கிலோ.

சின்ன பிலிம்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள்:
முந்நூறா!
என்னுடைய பிலிம் பெரிது,
அதில் முந்நூறு அவ்வளவு தூரம் போகாது,
அவர்களுடைய நூற்றெண்பது, அதுவும் மட்டுமட்டாய்.
சொன்னால் நம்பமாட்டார்கள்.
குழாயின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள்.

வலையிறவில், மாலை நாலரை.
வெயில் முதுகில்.
முக்காலியின் நடுக்கம்பியில்
தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தொங்கவிட்டேன்.
தோணியை நிறுத்திப் பூபாலபிள்ளை கேட்டார்:
"என்ன புள்ள, றோட்டு அளக்கவா வந்திரிக்காய்?"
ஓம் என்றேன்.
தோணி போட்ட அலை அடங்கும்வரை காத்திருந்தேன்.

முந்நூறுக்குத் திருப்பினால்
நாவற்குடாப் பக்கத்துக் கோபுரமும்
காத்தான்குடிப் பக்கத்து மினாராவும்
தோளுரசி நின்றன,
ஒரே பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல.

உள்கண்ணாடியை முதலே உயர்த்திவிட வேண்டும்.
அது எழும்புவது பஸ் கதவு சாத்துகிற மாதிரி,
முந்நூறில் அந்த அதிர்ச்சிக்கு
மினாரா இரண்டாகிவிடும்.
உயர்த்தினேன், ஐந்து எண்ணினேன்,
வயரை அமுக்கினேன்.
கணக்குக்காக நூற்றைம்பதிலும் ஒன்று.
பதினைந்தில் இரண்டு போயிற்று.

நிறுவனத்தில் சுதாஜினி துள்ளினாள்:
"கலண்டர் அட்டைக்கே போடுவம்,
கீழே ஒற்றுமை என்று எழுதினால் சரி."
நான் சொன்னேன்: அது ஒற்றுமை இல்லை, லென்ஸ்.
தூரத்தை மடித்துத் தருவது அதன் தொழில்.
சொல்லும்போது நன்றாய்த்தான் இருந்தது.

இரவு, வெளிச்சப் பெட்டியில்
இரண்டு நெகட்டிவையும் பக்கம் பக்கமாய் வைத்து
உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டினேன்.
நூற்றைம்பதிலும்,
நகக்கண்ணளவில்,
அதே இரண்டு, அதே உரசல்.
சுற்றிவர வாவியும் தென்னையும் கூட,
வேறொன்றுமில்லை.
வெட்டியெடுத்தால் இதுவும் அதுதான்.

லென்ஸ் எதையும் மடிக்கவில்லை.
நான் போய் நின்ற இடம்.

சுதாஜினிக்கு இதைச் சொல்லவில்லை.
அட்டை அச்சுக்குப் போய்விட்டது.

மறுநாள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு
கரையோடு முந்நூறு அடி நடந்தேன்.
கோபுரத்துக்கும் மினாராவுக்கும் நடுவே
ஒரு கீற்று ஆகாயம் வந்தது.
அதைப் படமெடுக்கவில்லை.
பிலிம் இருந்தது, வெயிலும் இருந்தது,
ஏனோ எடுக்கவில்லை.

கல்லடிப் பாலத்தால் சுற்றி
மஞ்சந்தொடுவாயில் இறங்கினேன்.
பெரியதைப் பைக்குள் போட்டு
எழுபத்தைந்தை மாட்டினேன்.
டயர் ஒட்டுகிற கடை.
கூரை போன அரிசி ஆலை, உள்ளே ஆமணக்கு.
மதில் தாண்டிய பந்துக்காக
இரண்டு பொடியன்கள், இரண்டு சட்டம்.
படலை இல்லாத வளவொன்றில்
மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிர்த்தாமல்
ஆரைத் தேடுறீங்க என்றாள்.

ஆரையுமில்லை.
அக்கரையில் இருந்து பார்த்தன்,
கோபுரமும் மினாராவும் ஒட்டி நிண்டது,
இடையில என்ன இருக்கெண்டு பார்க்க வந்தன்.

"இடையில நாங்கதானே இரிக்கம்,"
கத்தி நிற்கவில்லை.

படம் ஒன்று எடுக்கட்டா?

செதில் ஒட்டிய புறங்கையால்
நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்:
"இப்ப வேணாம்,
மீன் கை. நாளைக்கு வாங்க."